நரம்புச் சிலந்தியின் வழி கண்ட அலெக்ஸி பெட்சென்கோ

கரிசல் நாட்டிற் பிறந்தார்க்கு நீரின் அருமையைப் பிறர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கோவில்பட்டி, எட்டையபுரம், விளாத்திகுளம், சாத்தூர் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த கரிசற்காடு, ஐப்பசி கார்த்திகை மாதங்களிற் பெய்யும் மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் சோளமும் விளைப்பது. பெய்த மழை கண்மாயிலும் ஊருணியிலும் தங்கினால் ஆண்டு ஒருவாறு கழியும். தங்காதொழியின் குடமும் கையுமாய் நெடுந்தூரம் நடக்க நேரும். கிணறு தோண்டினால் பல இடங்களில் உவர்நீரே ஊறும். ஆதலின் நம் முன்னோர் ஊருணி நீரைப் பொன்னேபோற் போற்றிக் குடித்தனர். கலங்கிய நீரைத் தேற்றாங்கொட்டை தேய்த்துத் தெளியவைத்தனர். கண்ணுக்குத் தெரிந்த மண்ணையும் தூசியையும் அகற்ற அவர்கள் அறிந்திருந்தனர். தெளிந்த நீரிலும் நீந்திக்கொண்டிருந்த, எள்ளினும் சிறிய ஓர் உயிரை அவர்கள் அறிந்திலர்.

அச்சிற்றுயிரே நரம்புச் சிலந்தி என்று நம்மவர் பெயரிட்டழைத்த கொடுநோயை மனிதன் உடம்பினுட் கொண்டுபோய்ச் சேர்த்த தூது. இந்நோய் ஆப்பிரிக்காவிலும், அரேபியாவிலும், மத்திய ஆசியாவிலும், இந்திய நாட்டின் வறண்ட பகுதிகளிலும் பல நூற்றாண்டு காலம் மக்களை வருத்திற்று. தமிழ் நாடும் அதற்கு விலக்கன்று. அதன் வழியை முதன்முதற் கண்டறிந்து உலகிற்குரைத்தவர் அலெக்ஸி பாவ்லோவிச் பெட்சென்கோ என்னும் ருஷிய அறிஞர். அப்பொழுது அவருக்கு வயது 26. ஒரு மீனின் குடலில் வாழும் புழுவைப்பற்றி வேறோர் அறிஞர் கண்ட உண்மையே அவருக்குக் கைவிளக்காயிற்று. மீனின் நோய் மனிதனின் நோயை விளக்கிய வரலாறு இது. இந்நாளில் இல்லங்களிற் கண்ணாடித் தொட்டி வைத்து வண்ண மீன் வளர்ப்போர் பலராதலின், இவ்வரலாறு அம்மீன்களின் நோய் தீர்த்தற்கும் பயன்படும் வகையை இறுதியிற் கூறுவோம்.

நோயின் இயல்பு

பெட்சென்கோவின் பெருமையை உணர்தற்கு முதலில் அந்நோயின் இயல்பை அறிதல் வேண்டும். நோயுற்றவன் ஓராண்டு காலம்வரை யாதொரு வேறுபாடும் அறியான். பின்னர் ஒருநாள், பெரும்பாலும் கணுக்காலிலோ பாதத்திலோ, தீச்சுட்டதுபோன்ற கொப்புளம் ஒன்று எழும். எரிச்சல் தாங்காது அவன் காலை நீரில் வைப்பான். கொப்புளம் உடைந்து, அதனுள்ளிருந்து வெண்ணிற நூல்போன்ற புழுவொன்றின் முனை தோன்றும். அப்புழு இரண்டு மில்லிமீட்டர்க்கு மேற் பருமனில்லாதது. நீளமோ ஒரு மீட்டர் வரை செல்லும். அதனை ஒரு சிறு குச்சியிற் சுற்றி, நாளொன்றுக்குச் சில அங்குலமாக, வாரக்கணக்கில் மெல்ல மெல்ல வாங்குவதே பண்டுதொட்டு இன்றுவரை உள்ள சிகிச்சை. பொறுமையிழந்து இழுத்துப் புழு அறுந்துவிடின், உள்ளே நின்ற பகுதி சீழ்கொண்டு காலே முடங்கும். உழவுக்கும் விதைப்புக்கும் அறுப்புக்கும் உரிய நாட்களில் உழவன் திண்ணையிற் கிடந்தால், அவ்வாண்டு அவன் குடும்பம் உண்பது யாது? உயிரைப் போக்குதல் அரிதேனும், உயிர் வாழ்தற்குரிய தொழிலைப் போக்கும் நோய் இஃது.

இதன் பழமையும் வியத்தற்குரியது. கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ 1500 ஆண்டுகட்கு முன்னர் எழுதப்பட்ட எகிப்திய மருத்துவ ஏடொன்றில், புழுவைக் குச்சியிற் சுற்றி எடுக்கும் முறை குறிக்கப்பட்டிருப்பதாக ஆராய்ச்சியாளர் கருதுவர். எண்ணாகமம் இருபத்தோராம் அதிகாரத்தில், வனாந்தரத்தில் இஸ்ரவேல் மக்களை வருத்திய கொள்ளிவாய்ச் சர்ப்பங்கள் இப்புழுக்களே என்று கொள்வாரும் உளர். புகாரா நகரத்தை அடுத்துப் பிறந்த பேரறிஞர் இப்னு சினா, தமது மருத்துவ நூலில் இதனை மதீனா நரம்பு என்னும் பெயரால் விரிவாகக் கூறினர். அரபு மருத்துவர் நரம்பு என்றனர். நம்மவரும் நரம்பு என்றனர். வெளிப்படுவது உயிருள்ள பிராணியா, உடம்பின் நரம்பே அழுகி வெளிவருவதா என்னும் ஐயம் நெடுங்காலம் நின்றமையே இப்பெயர்களுக்குக் காரணம் என்னலாம். பிராணியே என்று துணிந்தபின்னும், அது மனிதனுள் எவ்வாறு புகுந்தது என்பது விளங்கவில்லை. நீரில் நிற்பவனின் தோலைத் துளைத்துப் புகுவதென்று சிலரும், நீருடன் விழுங்கப்படுவதென்று சிலரும் கூறிவந்தனர். இரு திறத்தாரிடத்தும் கண்கண்ட சான்று இல்லை.

பிறப்பும் கல்வியும்

பெட்சென்கோ 1844-ஆம் ஆண்டு பெப்ருவரி மாதத்தில், ஸைபீரியாவிலுள்ள இர்க்குட்ஸ்க் நகரத்திற் பிறந்தார். மாஸ்கோ சர்வகலாசாலையிற் பயின்று 1864-ஆம் ஆண்டில், தமது இருபதாம் வயதிற் பட்டம் பெற்றார். மாணவராயிருந்த நாளிலேயே பூச்சியினங்களை, சிறப்பாக ஈ முதலான இருசிறகுப் பூச்சிகளைத் திரட்டி ஆராய்வதில் அவருக்கு அளவிறந்த விருப்பம். நூலிற் படித்ததை நேரிற் கண்டன்றி ஒப்புக்கொள்ளாத இயல்பினர். அக்காலத்தில் மாஸ்கோ நகரில் இயற்கை நூலிலும் மானிட நூலிலும் ஆர்வமுடையார் கூடி ஒரு சங்கம் நிறுவினர். அதனை நிறுவினாருள் இவ்விளைஞரும் ஒருவர். பிற்காலத்தில் அவர் கண்டறிந்தவற்றையெல்லாம் உலகிற்கு வெளியிட்டதும் அச்சங்கமே.

1867-ஆம் ஆண்டில் அவர் ஓல்கா ஆர்ம்பெல்ட் என்னும் நங்கையை மணந்தார். ஓல்கா அம்மையார் தாவர நூலில் தேர்ச்சியும் ஓவியத்தில் திறமையும் உடையவர். கணவரினும் ஓராண்டு இளையவர். இவ்விருவரும் இல்லறத்தை நகரத்தில் நடத்தாது, குதிரை முதுகிலும் கூடாரத்திலும் நடத்தத் துணிந்தனர் என்பது அவர்தம் பின்னை வாழ்க்கையால் விளங்கும்.

துருக்கிஸ்தானப் பயணம்

அக்காலத்தில் ருஷியப் பேரரசு மத்திய ஆசியாவில் தன் எல்லையை விரித்துக்கொண்டிருந்தது. 1865-இல் தாஷ்கண்டும் 1868-இல் ஸமர்க்கந்தும் அதன் வசமாயின. அந்நாடுகளின் நிலமும், மலையும், மரஞ்செடிகளும், பிராணிகளும் கல்வியுலகிற்கு அனேகமாய் அறியப்படாதவை. அவற்றை ஆராய்ந்துவருமாறு மேற்கூறிய சங்கம் பெட்சென்கோவை அனுப்பிற்று. படைபலத்தாற் பிறர் புகுந்த நாட்டில் அவர் வலையும் சீசாவும் பூதக்கண்ணாடியும் ஏந்திப் புகுந்தார். ஓல்கா அம்மையார் உடன் சென்று செடிகொடிகளைத் திரட்டியும், கண்ட காட்சிகளை ஓவியமாகத் தீட்டியும் உதவினர். 1869-ஆம் ஆண்டு முதல் ஸெராவ்ஷான் ஆற்றுப் பள்ளத்தாக்கு அவர்தம் ஆராய்ச்சிக் களமாயிற்று.

அந்நாடு நம் கரிசல் நாட்டைப்போலவே மழை குன்றியது. ஸமர்க்கந்திலும் புகாராவிலும் மக்கள் ஹவுஸ் எனப்படும் படித்துறையுள்ள குளங்களில் வாய்க்கால் நீரைத் தேக்கிக் குடித்தனர். அக்குளமே தண்ணீர்த்துறை, அதுவே கால் கழுவும் துறை. படியிலிறங்கி முழங்கால் நீரில் நின்று குடம் முகந்தனர். காலிற் கொப்புளமுடையவனும் அவ்வாறே நின்றான். அந்நாட்டார் இந்நோயை ரிஷ்தா என்பர். பாரசீகத்தில் நூல் என்பது அதன் பொருள். ரிஷ்தா எடுத்தலில் கைதேர்ந்த நாவிதர் அங்கே பலர் இருந்தனர். நம் பக்கத்து ஊருணிப் படித்துறையை நினைவிற் கொண்டாரேல், ஸமர்க்கந்துக் குளக்கரையும் நம் வாசகர்க்குப் புதிதாய்த் தோன்றாது.

மீன் கற்பித்த பாடம்

ஈண்டு ஜெர்மனி நாட்டு ருடால்ப் லூக்கார்ட் என்னும் பேராசிரியரைப்பற்றிச் சிறிது கூறல் வேண்டும். 1822-இற் பிறந்து 1898-இல் மறைந்த இவ்வறிஞர், பிற உயிர்களின் உடம்பில் ஒட்டி வாழும் புழுக்களைப்பற்றிய நூலுக்கு அடிகோலியவருள் தலையாயவர். ஐரோப்பிய ஏரிகளில் வாழும் பெர்ச் என்னும் மீனின் குடலில் செந்நிறப் புழுவொன்று உறைவதுண்டு. அப்புழுவின் குஞ்சுகள் நீரில் வீழ்ந்தபின் யாதாகின்றன என்று ஆராய்ந்த லூக்கார்ட், அவை சைக்ளாப்ஸ் என்னும் நீர்ச் சிற்றுயிரின் உடலுட் புகுந்து வளர்வதைக் கண்டார். சைக்ளாப்ஸ் ஒரு மில்லிமீட்டர் அளவினது; இறால், நண்டு இவற்றின் தூரத்து உறவு. நெற்றியில் ஒரே கண்ணுடைமையின், யவனக் கதையில் வரும் ஒற்றைக்கண் அரக்கனின் பெயரை அதற்கிட்டனர். மீன் சைக்ளாப்ஸை உண்ணும். அதனுள்ளிருந்த புழு மீனின் குடலைச் சேரும். இவ்வாறு அச்சக்கரம் சுழல்வது.

பெர்ச் மீனின் புழுக்குஞ்சும் நரம்புச் சிலந்தியின் குஞ்சும் உருவிற் பெரிதும் ஒத்திருந்தன. உருவால் ஒத்தவை வாழ்க்கையாலும் ஒத்திருக்கக்கூடும் என்பது லூக்கார்ட்டின் கருத்து. ஆனால் ஜெர்மனியில் நரம்புச் சிலந்தி இல்லை; நோயுள்ள நாட்டிலோ சோதிப்பார் இல்லை. அக்குறையை நிறைவு செய்ய ஸமர்க்கந்தில் இருந்தார் பெட்சென்கோ.

அவர் நோயாளிகளின் காலிலிருந்து எடுத்த புழுக்களைப் பெற்று, அவற்றின் உடலமைப்பை முதலில் ஆராய்ந்தார். பெண்புழுவின் உடல் முழுதும் எண்ணிறந்த குஞ்சுகளால் நிறைந்த ஒரு பையேபோல் இருத்தலைக் கண்டார். அக்குஞ்சுகளை நீரில் விட்டு, அந்நீரில் சைக்ளாப்ஸ்களையும் விட்டுப் பூதக்கண்ணாடியால் நோக்கினார். குஞ்சுகள் சைக்ளாப்ஸின் உடலினுள் காணப்பட்டன. அங்கே அவை இறந்துபடாமல், தோலுரித்து உருமாறி வளர்ந்தன. நூற்றாண்டுகளாய் மக்கள் நரம்போ புழுவோ என்று மயங்கிய பொருளின் மறைந்த பாதி வாழ்க்கை, ஒரு கண்ணாடிக் குவளையில் வெளிப்பட்டது. இச்செய்தியை 1870-ஆம் ஆண்டில் மாஸ்கோ சங்கத்தின் வெளியீட்டில் அவர் எழுதினார். புழுவொன்று மனிதனை அடைதற்கு இடையே நீர்வாழ் கணுக்காலி ஒன்றன் உதவியை நாடுகிறது என்பது அக்காலத்தில் புத்தம் புதிய உண்மை.

அவர் கண்டவற்றுள் பிழையும் இருந்தது. அதனை மறைத்தல் சரித்திரத்துக்கு அழகன்று. குஞ்சுகள் சைக்ளாப்ஸின் மேலோட்டைத் துளைத்து உட்புகுகின்றன என அவர் கருதினார். உண்மையில் சைக்ளாப்ஸ் அவற்றை இரையென்று எண்ணி விழுங்குகிறது என்பது பின்னர்த் தெளிந்தது. நீருடன் சைக்ளாப்ஸை விழுங்குவதாலேயே மனிதனுக்கு நோய் வருகிறது என்பதையும் அவராற் சோதனையால் நிலைநாட்டக் கூடவில்லை. ஆயினும் பெருங்கதவு திறந்துவிட்டது. உள்ளே சென்று பார்த்தல் பின்வந்தோர் கடனாயிற்று.

மலையும் மரணமும்

1871-ஆம் ஆண்டில் பெட்சென்கோ தம்பதியர் கோக்கந்து நாட்டினூடே சென்று, பெர்கானாவைக் கடந்து, அலாய்ப் பள்ளத்தாக்கை அடைந்தனர். அதன் தென்பால் வானளாவி நின்ற பனிமலைத் தொடரைக் கண்டு, அதற்கு அலாய்க்கு அப்பாலுள்ள தொடர் என்னும் பொருள்படப் பெயரிட்டார் பெட்சென்கோ. அதன் 7,134 மீட்டர் உயரமுள்ள சிகரத்துக்குத் துருக்கிஸ்தானத்து ருஷிய ஆட்சித் தலைவர் காவ்மன் பெயரைச் சூட்டினார். காலம் மாற அச்சிகரத்தின் பெயரும் மாறிற்று. 2006-ஆம் ஆண்டில் தாஜிகிஸ்தான் அரசு அதற்கு இப்னு சினா சிகரம் எனப் பெயரிட்டது. மதீனா நரம்பை எழுத்தில் விளக்கிய பழைய மருத்துவரின் பெயர், அப்புழுவின் வழியைக் கண்ட இளைஞர் கண்டறிந்த மலையின்மேல் இவ்வாறு அமர்ந்தது.

அம்மலைத்தொடர்க்கு அப்பாலுள்ள பாமீர்ப் பீடபூமிக்குச் செல்லுதல் அவர்தம் பேரவா. அதற்கு முன்னர்ப் பனியாறுகளின் இயல்பைப் பயிலவும், திரட்டிய பொருள்களை ஒழுங்குசெய்து எழுதவும் கருதி ஐரோப்பா சென்றார். லைப்ஸிக் நகரில், தமக்கு வழிகாட்டிய லூக்கார்ட்டினிடமே அமர்ந்து ஆராய்ந்தார். 1872-ஆம் ஆண்டின் இறுதியில் அந்நகரில் அவருக்கு ஆண்மகவு பிறந்தது. போரிஸ் எனப் பெயரிட்டனர்.

1873-ஆம் ஆண்டு ஸெப்டம்பர் மாதம் பிரான்ஸ் நாட்டு மான் பிளாங் மலையிலுள்ள பனியாற்றைக் காண வழிகாட்டிகள் இருவருடன் ஏறினார். வானிலை திடீரென்று மாறிற்று. பனிப்புயலிடைப்பட்டுக் களைத்து, பனியாற்றின்மேலேயே அவர் உயிர் நீத்தார். நாள் ஸெப்டம்பர் 15, வயது 29. அம்மலையடிவாரத்துச் சாமோனி என்னும் ஊரில் அவர் உடல் அடக்கஞ் செய்யப்பட்டது. பாமீரை அவர் காணவில்லை. ஐந்தாண்டு கழித்து, 1878-இல், அப்பாமீரிற் கண்டறியப்பட்ட பெரும் பனியாற்றுக்கு அவர் பெயரை இட்டனர். 77 கிலோமீட்டர் நீளமுள்ள பெட்சென்கோ பனியாறு, துருவப் பிரதேசங்கள் நீங்கலாக உலகின் மிக நீண்ட பனியாறுகளுள் ஒன்று.

கைம்பெண்ணாய், ஓராண்டும் நிறையாத மகவுடன் நின்ற ஓல்கா அம்மையாரின் நிலையை எண்ணின் நெஞ்சு உருகும். அவர் துயரத்தில் அமிழ்ந்துவிடவில்லை. கணவர் திரட்டிய பொருள்களைப் பல துறை அறிஞர்களிடம் ஒப்படைத்து, துருக்கிஸ்தானப் பயணம் என்னும் பெரு நூல் தொகுதி தொகுதியாக வெளிவரப் பல்லாண்டு உழைத்தார். மகனைத் தாவர நூலறிஞனாக வளர்த்து, பிற்காலத்தில் மகனும் தாமுமாய் மீண்டும் மத்திய ஆசியாவிற் பயணஞ் செய்தார். 1906-ஆம் ஆண்டில் ருஷிய அறிஞர் பேரவை அவரைத் தன் உறுப்பினராக ஏற்றுப் பெருமைப்படுத்திற்று. 1921-இல் அவர் மறைந்தார். பெட்சென்கோவின் புகழில் பாதி இவ்வம்மையாருக்குரியது என்பதே எம் கருத்து.

பின்னர் நிகழ்ந்தவை

பெட்சென்கோ விட்ட இடத்திலிருந்து தொடங்கியவர் ராபர்ட் லீப்பர் என்னும் ஆங்கில நாட்டு அறிஞர். 1905-ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் பொற்கரை நாட்டிற்குச் சென்ற அவர், புழுக்குஞ்சுடைய சைக்ளாப்ஸ்களைக் குரங்கொன்றிற்கு உணவோடு ஊட்டி, ஆறு திங்கள் கழித்து அதன் உடம்பில் நரம்புச் சிலந்திகளைக் கண்டார். இரைப்பையிலுள்ளதை ஒத்த அமில நீரில் சைக்ளாப்ஸ் இறப்பதும், அதனுள்ளிருந்த குஞ்சு உயிரோடு வெளிப்படுவதும் அவராற் காட்டப்பட்டன. சக்கரம் முழுமை பெற்றது. நீரில் நின்ற நோயாளியின் காலிலிருந்து குஞ்சு நீரிற் சேரும். சைக்ளாப்ஸ் அதை விழுங்கும். இரு வாரத்தில் அது பக்குவம் பெறும். அந்நீரைப் பருகியவன் வயிற்றினுட் புகும். ஓராண்டு கழித்து அவன் காலில் வெளிப்படும்.

சக்கரம் தெரிந்தபின் அதனை எங்கே அறுப்பதென்பதும் தெரிந்தது. இந்நோய்க்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை, இன்றளவும் இல்லை. ஆயினும் மருந்தின்றியே அதனை ஒழிக்கலாயிற்று. புகாராவில் இஸாயெவ் என்னும் மருத்துவர் குளங்களை வற்றச்செய்து தூய்மைப்படுத்தி, நோயாளிகள் நீரிலிறங்காதவாறு காத்து, 1931-ஆம் ஆண்டிற்குள் அந்நாட்டில் ரிஷ்தாவை ஒழித்தார்.

நம் நாட்டில் நிகழ்ந்தது இதனினும் சுவையுடையது. மைசூர் நாட்டுச் சித்திரதுர்க்க மாவட்டம் நம் கரிசலைப்போல் வறண்ட நிலம். அங்கே மக்கள் படிக்கிணற்றிலிறங்கி நீர் முகந்தனர். மூர்த்தி என்னும் மருத்துவரும் ஸ்வீட் என்னும் அமெரிக்கரும் அக்கிணறுகளில் கெண்டையினத்து மீன்களை விட்டுப் பார்த்தனர். மீன்கள் சைக்ளாப்ஸை உண்டு தீர்த்தன; நோயும் குறைந்தது. 1936-ஆம் ஆண்டில் இதனை அவர்கள் வெளியிட்டனர். மீனின் புழு மனிதனின் நோயை விளக்கிற்று. மீனே பின்னர் அந்நோய்க்குக் காவலாகவும் நின்றது.

இத்துணை அறிந்தும் நம் நாடு நோயினின்று விடுபட மேலும் பல்லாண்டு சென்றது. 1983-84-இல் நரம்புச் சிலந்தி ஒழிப்புத் திட்டம் இந்தியாவில் தொடங்கியபொழுது, ஏழு மாநிலங்களில் ஏறத்தாழ 40,000 மக்கள் ஓராண்டில் இந்நோயால் வருந்தினர். அவ்வேழனுள் தமிழ் நாடே முதலில், 1980-களின் முற்பகுதியிலேயே, விடுதலை பெற்றது. படிக்கிணறுகளைக் கட்டடங்கட்டி மூடுதல், அடிகுழாய் அமைத்தல், குடிநீரைத் துணியால் வடிகட்டுதல், நீரில் சைக்ளாப்ஸைக் கொல்லும் மருந்திடுதல், நோயாளியை நீர்நிலையினின்று விலக்குதல் என்பனவே கையாண்ட உபாயங்கள். இந்தியாவின் கடைசி நோயாளி 1996-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ராஜஸ்தானத்து ஜோத்பூர் மாவட்டத்திற் காணப்பட்டார். 2000-ஆம் ஆண்டு பெப்ருவரியில் உலக சுகாதார ஸ்தாபனம் இந்தியாவை நோயற்ற நாடாக அறிவித்தது. உலகமுழுதும் 1986-இல் ஏறத்தாழ 35 லட்சம் மக்களுக்கிருந்த நோய், 2024-இல் 15 பேருக்கே வந்தது.

இங்கே மாணவர் ஒன்றை எண்ணிப்பார்த்தல் வேண்டும். பெட்சென்கோ உண்மையை வெளியிட்டது 1870-இல். நம் நாட்டில் நோய் ஒழிந்தது 1996-இல். இடையே சென்றவை 126 ஆண்டுகள். மடித்த துணியொன்றால் தடுத்திருக்கக்கூடிய நோயினால் அத்தனை காலமும் உழவர் திண்ணையிற் கிடந்தனர். ஸமர்க்கந்தில் ஒரு குவளையிற் கண்ட உண்மை மாஸ்கோவையும் லைப்ஸிக்கையும் லண்டனையும் விரைவில் அடைந்துவிட்டது. குடமெடுத்துப் படித்துறைக்குச் சென்ற பெண்ணை அடைதற்கே அது நூறாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது. அறிவு பிறத்தல் வேறு. அது வேண்டுவார் கையைச் சேர்தல் வேறு.

மீன் தொட்டிக்கு வருவோம்

தொடக்கத்திற் சொன்னபடி, இனி மீன் வளர்ப்பார்க்குச் சில கூறுவோம். தொட்டி மீன்களுள் கப்பி முதலியவற்றின் வால்துளையில் சிவந்த நூலிழைகள்போற் சில தொங்குதலைச் சிலர் கண்டிருக்கலாம். அவை கமல்லானஸ் என்னும் புழுக்கள். லூக்கார்ட் பெர்ச் மீனிற் கண்ட புழுவும் இவ்வினத்ததே. நரம்புச் சிலந்திக்கும் உறவு. குளத்திலிருந்து வலையால் அரித்தெடுத்த உயிரிரையை மீன்களுக்கு இடுவோர், அதிலுள்ள சைக்ளாப்ஸுடன் இப்புழுவையும் தொட்டியில் இறக்கிவிடுதல் கூடும். ஒருமுறை புகுந்தபின் இப்புழு சைக்ளாப்ஸ் இன்றியும் மீனினின்று மீனுக்கு நேரே பரவவல்லது. ஆதலின் ஒரு மீனுக்கு நோய் தோன்றின், அத்தொட்டி முழுதுக்கும் நோயென்று கொள்க.

இதற்கு லெவமிசோல் என்னும் மருந்து ஏற்றது. நீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவாகக் கரைத்து ஒருநாள் வைத்து, தொட்டியின் அடியை ஒட்டக் குழாயால் உறிஞ்சிச் சுத்தஞ் செய்து நீரை மாற்றுதல் வேண்டும். இம்மருந்து புழுவைச் செயலிழக்கச் செய்து வெளியேற்றுவதேயாதலின், அடியில் விழுந்த புழுக்களையும் குஞ்சுகளையும் அகற்றாதொழியின் மீன்கள் அவற்றை மீண்டும் உண்ணும். இரண்டு மூன்று வாரங்கழித்து மறுமுறையும் இவ்வாறே செய்க. நாடாப்புழுவுக்கும் செவுளிற் பற்றும் தட்டைப்புழுவுக்கும் இம்மருந்தினும் பிராஸிகுவான்டெல் சிறந்தது.

பிற நோய்களிலும் இதே நியதியைக் காணலாம். உப்புத் தூவினாற்போல் மீனின்மேல் வெண்புள்ளிகள் தோன்றும் நோயிலே, கிருமி தோலடியில் இருக்கும்வரை மருந்து அதனைத் தீண்டாது; அது முதிர்ந்து உதிர்ந்து, அடியிற் பெருகி, குஞ்சுகளாக நீந்திவரும் வேளையிலேதான் மருந்து கொல்லும். ஆதலாற் புள்ளி மறைந்த அன்றே மருந்தை நிறுத்துவோர் ஏமாறுவர். நங்கூரப் புழு எனப்படுவது பெயரால் மட்டுமே புழு. உண்மையில் அது சைக்ளாப்ஸின் நெருங்கிய உறவு. இவ்வனைத்துக்கும் முதற்காப்பு ஒன்றே. சென்னைக் கொளத்தூரிலிருந்தோ வேறெங்கிருந்தோ புதுமீன் வாங்கிவந்தால், மூன்று நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்தபின் பழைய மீன்களுடன் சேர்க்க. நோய்ப்பட்ட தொட்டியின் வலையைப் பிற தொட்டியில் இடற்க. உயிரிரை வேண்டின் தாமே வளர்த்து இடுக.

முடிவுரை

பெட்சென்கோ வாழ்ந்தது 29 ஆண்டுகளே. அவர் ஒருவரையும் மருந்து கொடுத்துக் குணப்படுத்தியவரல்லர். நோய் உடம்பினுள் இருக்கும்பொழுது அதனோடு போராடிய மருத்துவர் பலர். அஃது உடம்புக்கு வெளியே எங்கே ஒளிந்திருக்கிறது என்று கேட்டவர் அவர். தம்மினும் மூத்த ஆசிரியர் ஒரு மீனிற் கண்டதை மறவாது, மனிதன் துயர்க்கு விடையாக அதனைச் சோதித்தறிந்தார். கரிசல் நாட்டிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர்கள், தம் ஊர் ஊருணியின் ஒரு குவளை நீரை ஆய்வுச்சாலைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்ப்பாராக. ஒற்றைக் கண்ணுடைய அச்சிற்றுயிர் அங்கே இன்றும் நீந்திக்கொண்டிருக்கும். இன்று அது நம்மூரில் நரம்புச் சிலந்தியைச் சுமக்கவில்லை. அதற்குக் காரணமானோர் வரிசையில் முதலில் நிற்பவர் இவ்விளைஞர். கற்றதைப் படித்துறை வரை கொண்டு சேர்க்கும் கடன் நம்முடையது.